நிழல் விழக்கூடாத வயல்

இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் நடந்த கதை இது. ஊர் அர்பானா-ஷாம்பேய்ன், இல்லினாய் மாநிலம். சிகாகோவிலிருந்து பஸ்ஸில் தெற்கே இரண்டரை மணி நேரம். வழி நெடுக ரெண்டு பக்கமும் மக்காச்சோளம், அது முடிஞ்சா சோயா, அது முடிஞ்சா மறுபடி மக்காச்சோளம். "எம்.எஸ். படிக்க அமெரிக்கா போறேன்னு சொல்லிட்டு சோளக்காட்டுக்குள்ள வந்து விழுந்துட்டோமே"ன்னு ஒரு பயம் வந்தது உண்மை :-)

சீனியர் ஒருத்தர் வளாகத்தைச் சுத்திக் காட்டினார், மதுரைக்காரர். பெரிய நூலகத்துக்குப் பக்கத்துல வந்ததும் காலால் தரையைத் தட்டிக் காட்டி, "கீழ ரெண்டு மாடி இருக்கு, தெரியுமா?"ன்னார்.

இளநிலை மாணவர்களுக்காக 1969ல் திறந்த நூலகம் அது. மொத்தக் கட்டடத்தையும் பூமிக்குள்ள இறக்கிக் கட்டியிருக்காங்க. (மாணவர் நூலகமா அது 2022ல் மூடப்பட்டது. அரிய புத்தகங்களையும் பழைய ஆவணங்களையும் அங்கே கொண்டுவரத் திட்டம் போட்டாங்க.) இடப் பற்றாக்குறையா இருக்கும், இல்லன்னா குளிருக்காக இருக்கும்னு நெனச்சேன்.

"ரெண்டும் இல்ல. மேல கட்டினா நிழல் விழும்."

"எதும்மேல?"

கை காட்டினார். பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வயல், ஆளுயரத்துக்கு மக்காச்சோளம். சுத்தி வகுப்பறைக் கட்டடம், சைக்கிள் ஸ்டாண்ட், காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு ஓடற பசங்க. நடுவுல இது மட்டும் அசையாம நிக்குது.

சோளத்துக்கு வெயில் மறைக்கக் கூடாதுன்னு நூலகத்தையே மண்ணுக்குள்ள புதைச்ச ஊர். அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். வெள்ளைக்காரனுக்குப் பணம் அதிகமானா இப்படித்தான்னு ரூமுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொன்னேன்.

ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப அதைப் பார்த்தா சிரிப்பு வரதில்லை. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரு கேள்வி, ஒரு வயல்

அந்த வயலுக்குப் பேர் மாரோ பிளாட்ஸ். 1876ல் ஆரம்பிச்சது. அப்போ இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பேர்கூட வேற, இல்லினாய் தொழில் பல்கலைக்கழகம். மேன்லி மைல்ஸ், ஜார்ஜ் மாரோன்னு ரெண்டு பேராசிரியர்கள் சேர்ந்து தொடங்கி வச்சாங்க. அமெரிக்காவில் இன்னும் விடாம நடந்துக்கிட்டிருக்கிற பயிர்ச் சோதனை வயல்களிலேயே பழையது இதுதான். 1968ல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க. கோட்டை, அரண்மனை, போர்க்களம் எல்லாம் இருக்கிற பட்டியல்ல ஒரு சோளக்கொல்லை!

அவங்க கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: "இந்த மண் களைச்சுப் போகுமா?"

அன்னிக்கு அப்படிக் கேட்டதே பலருக்கு வேடிக்கையாத்தான் இருந்திருக்கும். ஏன்னா இந்த ஊர் மண் அப்படி. ஆயிரக்கணக்கான வருஷம் ஆளுயரப் புல் முளைச்சு, மட்கி, மறுபடி முளைச்சு உருவான கரிசல். ஈரமா இருக்கும்போது கையில எடுத்தா மை மாதிரி கறுப்பு. மரக்கலப்பை, இரும்புக் கலப்பையில எல்லாம் ஒட்டிக்கிட்டு உழவே விடாதாம். 1837ல் ஜான் டீர்னு ஒரு கொல்லர், இதே மாநிலத்துல, வழவழப்பான எஃகுக் கலப்பை செஞ்சார். அதுக்கப்புறம்தான் கதை மாறினது. (ஆமா, நம்ம ஊர்ல ஓடற பச்சை டிராக்டர் மேல இருக்கிற பேர் அவரோடதுதான்.) சில பத்து வருஷத்துல புல்வெளி மொத்தமும் வயலாச்சு. புல்வெளி மாநிலம்னு பட்டப்பேர் வச்சிருக்கிற இல்லினாயில் அந்தப் பழைய புல்வெளி இன்னிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

இவ்வளவு வளமான மண்ணுக்கு உரம் எதுக்கு, எரு எதுக்குன்னு எல்லாரும் இருந்த காலத்துல, ரெண்டு வாத்தியாருங்க மட்டும் "எதுக்கும் போட்டுப் பார்த்துடுவோமே"ன்னு பத்துத் துண்டு வயல் பிரிச்சாங்க. நாளடைவுல அதுல மூணுதான் மிஞ்சினது.

முதல் துண்டு: 1876லிருந்து வருஷா வருஷம் மக்காச்சோளம் மட்டுமே. வேற எதுவும் கிடையாது.

ரெண்டாவது துண்டு: ஒரு வருஷம் சோளம், ஒரு வருஷம் ஓட்ஸ். 1967க்கு அப்புறம் ஓட்ஸுக்குப் பதில் சோயா.

மூணாவது துண்டு: சோளம், ஓட்ஸ், அப்புறம் ஒரு வருஷம் தீவனப் பயிர். குளோவர், குதிரைமசால் மாதிரி அவரைக் குடும்பத்துச் செடிகள்.

1904லிருந்து ஒவ்வொரு துண்டுலயும் ஒரு பகுதிக்கு மட்டும் எருவும் சுண்ணாம்பும் மணிச்சத்தும் போட்டாங்க. மீதிப் பகுதிக்கு ஒண்ணும் போடலை.

ஆகஸ்ட் மாசம் போய் நின்னா யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. வருஷா வருஷம் சோளம் மட்டும் போட்டு, எதுவுமே போடாத பகுதியில செடி குட்டையா, கீழ் இலையெல்லாம் மஞ்சளா, பத்தியச் சாப்பாடு சாப்பிடற ஆள் மாதிரி நிக்கும். நாலு எட்டு தள்ளி, அதே மண், அதே மழை, அதே வெயில், பயிரை மாத்தி மாத்திப் போட்டு எருவும் போட்ட பகுதி. அங்க செடி கரும்பச்சையா அண்ணாந்து பார்க்கற உயரத்துக்கு இருக்கும். ரெண்டும் ஒரே நாள் விதைச்சதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

ஏன்னு தெரியாமலே சரியாச் செஞ்சது

பயிரை மாத்திப் போட்டா நல்லதுன்னு விவசாயிகளுக்கு உலகம் பூரா தெரியும், ரொம்ப காலமா. ஆனா ஏன்னு யாருக்கும் தெரியாது. இந்த வயல் ஆரம்பிச்சுப் பத்து வருஷம் கழிச்சு, 1886ல்தான், ஜெர்மனியில ஹெல்ரீகல்னு ஒரு விஞ்ஞானி (கூட வில்ஃபார்த்னு இன்னொருத்தர்) காரணத்தைக் காட்டினாங்க. அவரை, பட்டாணி வகைச் செடிகளோட வேர்ல சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்திருந்தா உங்களுக்கும் தெரியும். அந்த முடிச்சுக்குள்ள குடியிருக்கிற பாக்டீரியா, காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுத் தழைச்சத்தா மாத்திக் கொடுக்குது. செடி அதுக்குச் சர்க்கரை கொடுக்குது. பண்டமாற்று! அறுவடைக்கு அப்புறம் வேர், தழையா மிச்சம் கிடக்கிறதுல ஒரு பங்கு அடுத்த பயிருக்குப் போகுது.

காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனா நெல்லுக்கோ சோளத்துக்கோ அதை நேரா எடுத்துக்கத் தெரியாது. தண்ணிக்கு நடுவுல நின்னுக்கிட்டு தாகத்தில சாகற கதை.

அப்புறம் 1909ல் ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வுக்கூடத்துல காத்திலிருந்து அம்மோனியா செஞ்சு காட்டினார். 1913ல் கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். யூரியா மூட்டையோட மூலக்கதை அதுதான். இன்னிக்கு உலகத்துல ஏறத்தாழ பாதிப் பேர் சாப்பிடற சாப்பாடு அந்த முறையில செஞ்ச உரத்தை நம்பி இருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. அதனால "செயற்கை உரமே விஷம், எல்லாத்தையும் நிறுத்து"ன்னு ஒரே வரியில முடிக்கிற ஆள் நான் இல்லை. பாதிப் பேரை என்ன பண்றது?

மாரோ வயலும் அந்த ஒரு வரித் தீர்ப்புக்கு ஒத்துக்கலை. 1955ல், அதுவரைக்கும் எதுவுமே போடாம வச்சிருந்த பகுதியில கொஞ்சத்துக்கு ரசாயன உரம் போட்டுப் பார்த்தாங்க. எண்பது வருஷமாச் சோர்ந்து கிடந்த மண், முதல் வருஷமே மகசூல் எகிறிடுச்சு. பார்த்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? "அட, மண் சாகலை, பசியாத்தான் இருந்திருக்கு. மூட்டையைப் பிரிச்சுக் கொட்டினா போதும், எரு என்ன, பயிர் மாத்தறது என்ன"ன்னு தோணியிருக்கும்ல? அமெரிக்க மக்காச்சோளப் பிரதேசம் மொத்தமும் ஏறத்தாழ அந்த வழியிலதான் போச்சு.

ஆனா சோதனையை அதோட நிறுத்தலை. இந்த வயலோட பெருமையே அதுதான். 2007ல் இதே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்த வயலோட பல பத்தாண்டு மண் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. பயிருக்குத் தேவையானதைவிட அதிகமாவே தழைச்சத்து போட்ட இடத்துல, மகசூல் நல்லா இருந்தும், மண்ணோட கரிமச் சத்து குறைஞ்சிருக்குன்னு எழுதினாங்க. "உரம் போட்டா செடி பெருசாகும், தட்டை நிறைய விழும், மண்ணுல மட்கு கூடும்"ங்கிறதுதான் அதுவரைக்கும் பொதுவான நம்பிக்கை. பெரிய சண்டையாச்சு. கணக்குப் போட்ட விதம் சரியில்லைன்னு மறுத்தவங்களும் உண்டு. அந்தச் சண்டையில யார் ஜெயிச்சாங்கன்னு தீர்ப்பு சொல்ல நான் மண்ணியல் படிக்கலை, கம்ப்யூட்டர் ஆசாமி. எனக்கு முக்கியமாப் பட்டது வேற: நூறு வருஷக் கணக்கு கையில இருந்ததாலதான் அந்தச் சண்டையே போட முடிஞ்சது!

மண்ணோட கணக்கு மெதுவானது

விவசாயத்தைப் பத்தி நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? அது உணவு கொடுக்கும், வேலை கொடுக்கும், நாட்டின் முதுகெலும்பு. ஸ்கூல் கட்டுரையில பத்து மார்க்குக்கு எல்லாரும் எழுதியிருக்கோம். எதுவும் தப்பில்லை. ஆனா அதோட குணத்துல ஒண்ணு அந்தக் கட்டுரையில வராது.

மத்த தொழில்ல தப்புப் பண்ணினா சீக்கிரம் தெரிஞ்சுடும். நான் எழுதற புரோகிராம்ல தப்பு இருந்தா ரெண்டு நிமிஷத்துல கம்ப்யூட்டர் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடும். கடைக்காரருக்கு மாசக் கடைசியில தெரியும். விவசாயத்துல மண்ணுக்குப் பண்ற தப்பு இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சுத்தான் வெளியில தெரியும். அதுக்குள்ள தப்புப் பண்ணினவர் செத்துப் போயிருப்பார், இல்லன்னா நிலத்தை வித்துட்டுப் போயிருப்பார். அதே மாதிரி மண்ணுக்குப் பண்ற நல்லதும் பண்ணினவர் கைக்குச் சீக்கிரம் வராது.

நடுவுல ஒவ்வொரு வருஷ மகசூலும் பொய் சொல்லும். மழை நல்லா இருந்தா "எல்லாம் சரி"ன்னு சொல்லும். புது ரகம் வந்தா "போன வருஷத்தைவிட சூப்பர்"னு சொல்லும். மூட்டை கூடிக்கிட்டே இருக்கும்போதே அடியில மண் தேஞ்சுக்கிட்டிருக்கலாம். இந்த மிட்வெஸ்ட் பக்கத்து மண், கலப்பை பட்டதுக்கு அப்புறம் தன்கிட்ட இருந்த கரிமத்துல மூணில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் இழந்துடுச்சுன்னு மதிப்பிடறாங்க. அதே காலத்துல இங்க சோள மகசூல் பல மடங்கு ஏறியிருக்கு. ரெண்டுமே உண்மை. ரெண்டையும் ஒரே ஆள் தன் வாழ்நாள்ல, தன் வயல்ல, வெறும் கண்ணால பார்த்துப் புரிஞ்சுக்க முடியாது.

அதுக்குத்தான் இந்த மாதிரி வயல். ஆளைவிட அதிக நாள் இருக்கிற ஒரு கணக்குப் பிள்ளை.

இங்கிலாந்துல ராதம்ஸ்டெட்ல 1843லிருந்து ஒரு கோதுமை வயல் இப்படி நடக்குது. உலகத்துலயே பழையது அதுதான். அங்க பழைய தானியம், வைக்கோல், மண் மாதிரிகளைப் புட்டியில போட்டு வச்சிருக்காங்க. பின்னாடி வந்தவங்க அதுல இருந்த பயிர் மாதிரிகளை எடுத்துப் பார்த்து, அணுகுண்டு சோதனைகளோட கதிரியக்கத் தூசு எந்தக் காலத்துல எவ்வளவு விழுந்திருக்குன்னு கணக்குப் போட்டாங்க. சேமிக்க ஆரம்பிச்சப்போ அணுகுண்டுங்கிற வார்த்தையே கிடையாது! பக்கத்து மாநிலம் மிசூரியில சான்பார்ன்னு ஒரு வயல், 1888லிருந்து. அதோட 23ஆம் எண் துண்டு மண்ணுலேர்ந்து கண்டுபிடிச்ச நுண்ணுயிர்தான் 1948ல் ஆரியோமைசின்ங்கிற மருந்தா வந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்துல முதல் மருந்து. என்ன கிடைக்கும்னு தெரியாமலே காத்த மண்ணு அது.

ஆறு மா நிலம்

இவ்வளவும் படிச்சுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு போன் பண்ணி உற்சாகமா அந்தச் சோளக்கொல்லைக் கதையைச் சொன்னேன். எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததுலேர்ந்து குத்தகைக்கு விட்டிருக்கார்.

அப்பா முழுசாக் கேட்டுட்டுச் சொன்னார்: "இதுக்கு நீ அமெரிக்கா போவணுமா? சம்பா அறுக்கறதுக்கு முன்னாடி உளுந்து தெளிப்பமே, அது எதுக்குன்னு நெனச்ச?"

டெல்டாக்காரங்களுக்குத் தெரியும். தை மாசம், நெல் அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, மண் மெழுகுப் பதத்துல இருக்கறப்போ, நிக்கிற நெல்லுக்குள்ளயே உளுந்தும் பயறும் தெளிச்சு விடுவாங்க. நெல்லு அறுத்ததும் தாளுக்கு நடுவுல அது தலை தூக்கும். தண்ணி பாய்ச்ச வேண்டாம், உழ வேண்டாம், மண்ணுல இருக்கிற ஈரத்துலயும் பனியிலயும் விளைஞ்சுடும். வீட்டுக்கு இட்லிக்கு உளுந்தாச்சு, கொஞ்சம் காசாச்சு, மண்ணுக்குத் தழைச்சத்தாச்சு. மாரோ வயலோட பாடம்தான், எங்க ஊர்ல வேற மொழியில.

அதோட கோடையில ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து கீதாரிங்க ஆடு ஓட்டிட்டு வருவாங்க. ராத்திரிக்கு ஒரு வயல்னு கிடை போடுவாங்க. சின்ன வயசுல அந்த வாசனை எனக்குப் பிடிக்காது. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவேன். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு வெதச்சு, பூக்கறப்போ மடக்கி உழறதும் உண்டு.

"இப்ப தெளிக்கிறாங்களாப்பா?"ன்னேன்.

"எங்க... அறுப்பு மிஷின் வந்துச்சுல்ல. பெல்ட்டு வண்டி ஏறி எறங்கினா மொளச்ச உளுந்தெல்லாம் சேறோட சேறு. கையறுப்புக்கு ஆள் கெடைக்கல. பாதி பேரு விட்டுட்டாங்க."

"கிடை?"

"அவரு எதுக்குடா போடுவாரு? அடுத்த வருஷம் நம்ம நெலம் அவருகிட்ட இருக்குமான்னு அவருக்கே தெரியாது."

அந்த வாக்கியத்துல எனக்கு என்னமோ பொறி தட்டின மாதிரி இருந்தது. எங்க நிலத்தைச் செய்யறவர் நல்ல மனுஷர். அப்பாவை "அண்ணே"ன்னுதான் கூப்பிடுவார். நெல்லு சரியா அளந்துடுவார். ஆனா குத்தகை வாய்ப்பேச்சு, வருஷா வருஷம் புதுசு. இந்த வருஷம் எருவுக்கும் கிடைக்கும் காசு போட்டா பலன் மூணு, நாலு வருஷம் கழிச்சு. அப்போ அந்த வயல் யார் கையில? யூரியா போட்டா பலன் இந்தப் போகமே. அவர் இடத்துல நான் இருந்தாலும் யூரியாதான் போடுவேன்.

"எழுதிக் கொடுத்துட வேண்டியதுதானே, அஞ்சு வருஷம்னு?"

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எழுதிக் குடுத்தா நெலம் திரும்பி வருமாடா?"ன்னார். 1955ல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை மனசுல வச்சுத்தான் கேட்டார். உழைக்கிறவரைத் திடீர்னு வெளியேத்தக் கூடாதுன்னு போட்ட நியாயமான சட்டம் அது. ஆனா அதுக்குப் பயந்து நிலக்காரங்க எழுத்துல எதுவும் கொடுக்கறதில்லை. பாதுகாக்க வந்த சட்டம் காகிதத்துல, குத்தகை வாய்ல. நடுவுல மாட்டிக்கிட்டது மண்ணு. அப்பாவோட பயத்தை முட்டாள்தனம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. குத்தகைக்காரரோட கணக்கைச் சுயநலம்னும் சொல்ல முடியலை.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நெனச்சீங்கன்னா, இல்லை. என் வகுப்புல ஒரு பையன், இந்த ஊர்க்காரன், நாலு தலைமுறையா விவசாயக் குடும்பம். அவன்கிட்ட அப்பா சொன்னதைச் சொன்னேன். "எங்க வீட்லயும் இதே கதைதான், பாதி நிலம் வாடகைக்கு எடுத்ததுதான்"னான். இல்லினாய் விளைநிலத்துல பாதிக்கு மேல குத்தகையிலதான் இருக்கு. சொந்த நிலத்துல அவங்கப்பா குளிர்காலத்துக்கு மூடுபயிர் போடறாராம், வாடகை நிலத்துல போடறதில்லையாம். இங்க அவங்க ஓட்டற டிராக்டருக்கு ஜி.பி.எஸ். உண்டு, ஏ.சி. உண்டு. மண்ணு விஷயத்துல மட்டும் மன்னார்குடியும் இல்லினாயும் ஒரே ஊர்.

அப்போ இது யார் கணக்கு?

அமெரிக்காவில் வேலை செய்யறவங்கள்ல விவசாயம் பண்றவங்க நூத்துக்கு ரெண்டு பேர்கூட இல்லை. மீதி ஆளுங்க டாக்டர், டிரைவர், பாட்டுக்காரர், என்னை மாதிரி திரையைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கிறவன். நாங்க எல்லாம் வேற வேலை பார்க்க முடியறதே அந்த ரெண்டு பேர் தங்களுக்கு வேண்டியதைவிட அதிகமா விளைவிக்கறதாலதான். நகரம், எழுத்து, பல்கலைக்கழகம் எல்லாமே அந்த மிச்ச நெல்லு மேல கட்டினது. இந்தியாவில் இன்னும் நாப்பது சதவீதத்துக்கு மேல மக்கள் விவசாயத்துல இருக்காங்க. ஆனா போக்கு அதே திசையிலதான்.

இதுல ஒரு சிக்கல். விளைவிக்கிற வேலையை ரெண்டு பேர்கிட்ட கொடுத்த நாம, மண்ணோட நூறு வருஷக் கணக்கையும் அவங்க தலையிலயே கட்டிட்டோம். இந்த வருஷக் கடனை இந்த வருஷமே அடைக்க வேண்டிய மனுஷன்கிட்ட போய், "பேரப்பிள்ளை காலத்து மண்ணைப் பார்த்துக்கோ"ன்னு சொன்னா அவர் என்ன பண்ணுவார்? மண் கணக்கு மெதுவானது, கடன் கணக்கு வேகமானது. வேகமான கணக்குதான் எப்பவும் ஜெயிக்கும். மெதுவான கணக்கை யாராவது தனியா, லாப நஷ்டம் பார்க்காம எழுதி வச்சுக்கிட்டே இருந்தாத்தான் உண்டு. அதுக்கு அரசாங்கம் வேணும், பல்கலைக்கழகம் வேணும், எழுதின குத்தகைக்குப் பயப்படத் தேவையில்லாத சட்டம் வேணும். நிலமே இல்லாத நம்மளும் அந்தச் செலவுல பங்கு போடணும்.

அந்த நூலகத்தைப் பூமிக்குள்ள இறக்கினது அப்படி ஒரு பங்குதான். படிக்கிற பசங்களும் புத்தகமும் கீழ போகட்டும், வயல் மேல வெயில் காயட்டும்னு ஒரு பல்கலைக்கழகம் தன் காசைப் போட்டு முடிவெடுத்திருக்கு. நான் சிரிச்சது அதைப் பார்த்துத்தான்.

லாலி ரோடு

கடைசியா ஒரு அசிங்கமான உண்மையைச் சொல்லிடறேன். இந்த மாதிரி வயல் எங்கெங்க இருக்குன்னு தேடிக்கிட்டே போனப்போ ஒரு பேர் கண்ணுல பட்டது. கோயம்புத்தூர்.

சைதாப்பேட்டையில 1868ல் ஆரம்பிச்ச வேளாண் பள்ளி 1906ல் கோவைக்கு இடம் மாறினது. அங்கே 1909ல் நிரந்தர உரச் சோதனைன்னு ஒரு வயல் ஆரம்பிச்சாங்க. ஹாபர் ஜெர்மனியில அம்மோனியா செஞ்சு காட்டின அதே வருஷம். ஒரு துண்டுக்கு எதுவுமே இல்லை, ஒரு துண்டுக்குத் தழைச்சத்து மட்டும், ஒண்ணுக்குத் தழை, மணி, சாம்பல் மூணும், இன்னொண்ணுக்குத் தொழு உரம். இன்னிக்கு அது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள இருக்கு. நூறு வருஷத்தைத் தாண்டின சோதனை.

நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது கோயம்புத்தூர்ல. மருதமலைக்குப் போறப்பெல்லாம் லாலி ரோடு வழியா, அந்த வளாகத்து வாசலை ஒட்டித்தான் பஸ் போகும். எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே இல்லை. "அக்ரி காலேஜ், நல்ல நிழலா இருக்கும்"ங்கிறதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. என் மண்ணோட கணக்கை என் ஊர்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தரா நூறு வருஷத்துக்கு மேல எழுதிக்கிட்டிருக்காங்க. அது தெரியறதுக்கு நான் பூமிக்கு அந்தப் பக்கம் வந்து ஒரு சோளக்கொல்லையைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது.

போன மாசம் அப்பாகிட்ட மறுபடி பேசினேன். எழுத்துல வேண்டாம்னா வேண்டாம். ஆனா மூணு வருஷத்துக்கு நிலத்தை மாத்த மாட்டேன்னு வாயால சொல்லுங்க, கோடையில கிடை போடற செலவுல பாதியை நான் அனுப்பறேன், மண்ணையும் பரிசோதனைக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்ப்போம்னு கேட்டேன். என் உதவித்தொகைக்கு அது பெரிய தொகை இல்லை, ரெண்டு மாசம் வெளியில சாப்பிடாம இருந்தா போதும்.

அப்பா சிரிச்சார். "அவருகிட்ட கேக்குறேன். ஆனா ஒண்ணு, மூணு வருஷத்துல பெருசா ஒண்ணும் தெரியாதுடா தம்பி."

தெரியும்பா. நூத்தம்பது வருஷம் ஆன வயலுக்குப் பக்கத்துலதான் நின்னு பேசிக்கிட்டிருந்தேன்.